தூவாத அட்சதை

போட்டோ எடுத்தே கல்யாண மேடையில் மாட்டிக்கொண்டோமே என்று சலித்து, கேமராவை விற்றுவிட நினைத்திருந்தேன். அன்று திருமானூர் மண்டபத்தில், மணப்பெண்ணின் அம்மா சமையல்கட்டு இருட்டில் ஒதுங்கி நின்றார். கணவனை இழந்தவர்.

“மேடைக்கு வாங்கம்மா.”

“வேணாம் தம்பி. நான் வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

ஃபிளாஷ் அடித்தால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் தாலி கட்டுவதை எடுத்த கையோடு ஃபிளாஷை அணைத்தேன். இருட்டிலும் படம் விழ, கேமராவின் ஐஎஸ்ஓவை உச்சத்துக்கு ஏற்றி அவரை எடுத்தேன். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. ஆனாலும் மூடிய விரலிடுக்கில் தூவாத அட்சதை தெரிந்தது.

“அண்ணே, இதையே பெருசா போட்டுக் குடுங்க” என்றாள், பிறகு படங்களைப் பார்க்க வந்த மகள்.

கேமராவை நான் விற்கவில்லை. நான் நினைத்தால் அந்த மேடையிலிருந்து இறங்கிப் போகலாம். அந்த அம்மாவால் ஏறவே முடியவில்லை.