கேள்வி கேட்கக் கத்துக்கொடுக்கும் வகுப்பில் என் பொண்ணு

இன்னிக்குக் காலையில பாகலூர் ரோட்டுல ஒரு டெமோ கிளாஸுக்கு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். அஞ்சாவது படிக்கிறா. பசங்களுக்குச் சுயமா யோசிக்கக் கத்துக்குடுக்கறாங்களாம்.

சார் நல்லாத்தான் ஆரம்பிச்சார். "யார் சொன்னாலும் அப்படியே நம்பாதீங்க. எப்படித் தெரியும்னு கேளுங்க."

பெத்தவங்க எல்லாரும் கை தட்டினோம்.

"போன வருஷம் இங்க சேர்ந்த பசங்க இப்போ எவ்ளோ ஷார்ப் தெரியுமா?"ன்னார்.

என் பொண்ணு கையைத் தூக்கிட்டா. "சார், இங்க சேராத பசங்களும் ஒரு வருஷம் வளர்ந்திருப்பாங்கல்ல? இந்த கிளாஸாலதான்னு எப்படித் தெரியும்?"

பக்கத்துல இருந்த கன்னடக்கார அம்மா, "கரெக்டாகி கேளிதளு", சரியாக் கேட்டான்னு சிரிச்சுட்டாங்க.

சார் சிரிக்கல. "கேள்வியெல்லாம் கடைசியில, பாப்பா."

முடிஞ்சதும் என்னைத் தனியாக் கூப்பிட்டார். "உங்க பொண்ணுக்கு இது வேணாம் மேடம். சனிக்கிழமை ஒழுக்க வகுப்பு நடத்தறோம். அதுல சேர்த்துடுங்க."

தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஸ்கூட்டர்ல பின்னாலிருந்து அவ கேக்கறா: "ஏம்மா, நீ ஏன் அவரை ஒண்ணுமே கேக்கல?"

'மரியாதைக்காக'ன்னு சொல்லிப் பார்த்தேன். எடுபடல. வேற நல்ல பதில் வெச்சிருக்கறவங்க சீக்கிரம் கமெண்ட்ல போடுங்க, வீட்டுக்கு வந்தும் விடாம எதிர்லயே உக்காந்திருக்கா.