ஆமி என்றதும் எழுகிற கால்

டொரொன்டோ, டோர்செட் பார்க். நண்பன் குடியிருக்கும் அடுக்குமாடியின் அடித்தளத்துச் சலவையறையில், இயந்திரம் நிற்கக் காத்திருக்கிறேன். ஒரே ஒரு பெஞ்சு. அதில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் துண்டுகளை மடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கூடையோடு வருகிறார். நெஞ்சைத் தட்டி, "நான் ஆமி" என்கிறார் தமிழில். பட்டாளத்தானுக்கு இங்குள்ள தமிழர் சொல்லும் சொல் அது. அன்ரி சட்டென்று எழுந்து நிற்கிறார்.

கிழவர் முகம் பூரிக்கிறது. ஆஸ்திரேலியராம். பிறந்த தேதியைக் குலுக்கலில் எடுத்து, இருபது வயதில் வியட்நாமுக்கு அனுப்பினார்களாம். திரும்பியபோது, சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போ என்றார்களாம். இப்போது மகளோடு இங்கே.

"என் ஊரில் ஒருவனும் எனக்காக எழுந்ததில்லை. இந்தத் தமிழர்கள்தான் எழுகிறார்கள்" என்கிறார் ஆங்கிலத்தில்.

நான் அன்ரியிடம், "ஏன் எழுந்தீங்க?" என்கிறேன்.

"சண்டைக் காலத்தில ஊரில ஆமியின்ர செக்பொயின்ற்றில நிண்டு பழகின கால், தம்பி. ஆமி எண்டாத் தானா எழும்பிடும். அந்தாள் பாவம், இதைச் சொல்லிப்போடாதேங்கோ."

"என்ன சொல்கிறார்?" கிழவர் கேட்கிறார்.

"மரியாதையாம்" என்கிறேன்.

துணியை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, காலியான பெஞ்சில் அவர் நிம்மதியாகச் சாய்கிறார். அவர் துணி காயும்வரை அன்ரி உட்காரவேயில்லை.