பொண்டரஸ்லி

எட்டாம் வகுப்பில் இங்கிலீஷுக்கு நான்தான் முதல். அதனால் எனக்கு வந்த மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

இலங்கை மலையகத்தில், ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கங்காணி. பிரச்சினைக் காலத்தில் ஒருநாள் ஆமிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கி அவரை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் விட்டார்கள். வந்தவர் எந்நேரமும் உட்கார்ந்தே இருந்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் திரும்பும்போதும் கால்களைப் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். களைப்பு என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

வேலையைத் திரும்பக் கேட்டுத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதும்படி அம்மா என்னிடம் சொன்னாள். வேலை இல்லையென்றால் தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் கைவிட்டுப் போய்விடும்.

"அப்பா நல்லா இருக்காருன்னு மட்டும் எழுது. வேற ஒண்ணும் வேணாம்."

எனக்கு அது போதவில்லை. பழைய அகராதியில் ஒரு சொல்லைப் பிடித்து வைத்திருந்தேன்: பொண்டரஸ்லி. ‘கனமாக’ என்று பொருள் போட்டிருந்தது, மிச்சத்தைக் கறையான் தின்றிருந்தது. கனவான், கனம் நீதிபதி அவர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? அது மரியாதைச் சொல்லென்று முடிவுகட்டி, என் அப்பா மலையில் பொண்டரஸ்லி நடப்பார் என்று எழுதிவிட்டேன்.

அப்பாவும் நானும் கொழுந்து லொறியில் ஏறி ஆபீஸுக்குப் போனோம். துரை கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு அப்பாவைத் தண்ணீர்த் தொட்டிவரை நடந்துவரச் சொன்னார். அப்பா ஒவ்வொரு காலாக ஊன்றி, நின்று நின்று போய் வந்தார். துரைக்கு முன்னால்கூட அவசரப்படாமல் என்ன கௌரவமாக நடக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

துரை கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மலை ஏற முடியாதவருக்கு வேலை இல்லையாம். அதைத் தமிழில் சொன்ன கிளாக்கர் என்னைப் பார்த்தார்.

"அது யானைக்குச் சொல்ற வார்த்தை பாப்பா. ஒடம்பு பாரத்தில அசைஞ்சு அசைஞ்சு மெதுவா நடக்கிறது."

எனக்கு உயிரே போய்விட்டது. தப்பான ஒரு சொல்லைப் போட்டுக் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தக் கடிதத்தில் உண்மையாக இருந்தது அந்த ஒரு சொல்தான் என்பது எனக்கு எட்டவில்லை.

திரும்புவதற்கு லொறி இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூசி, அழுதுகொண்டே மலைப்பாதையில் முன்னால் இறங்கினேன். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. முதல் வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"மெதுவா போ பாப்பா."

ஈரப் பாதையில் நான் வழுக்கிவிடுவேன் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். விழமாட்டேன் என்று காட்டுவதற்காக இன்னும் வேகமாக ஓடினேன்.