பரீனாவின் கறுப்புத் திரை

பதியுதீனை எப்போதிருந்து பிடிக்காமல் போனது என்று பரீனாவிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்: தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

அதற்கு முன் இரண்டு வருடம் அவருடைய கம்ப்யூட்டர் வகுப்பில்தான் அவள் படிப்பித்தாள். கல்முனையில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. ஒன்பது கம்ப்யூட்டர்கள். பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் இரண்டு மணித்தியாலம். அன்றைக்கு ஏழு கம்ப்யூட்டர்களைத் துணி போட்டு மூடிவிடுவார். பதினாலு பிள்ளைகள் மிச்ச இரண்டின் முன்னால் நின்று, பரீனா தட்டுவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏன் என்று கேட்டால், "அதுகள் பார்த்தாலே போதும்" என்பார்.

கட்டாரில் இருந்த காக்கா, அவளுடைய அண்ணன், தான் பாவித்த லெப்டொப் ஒன்றை அவளுக்கு அனுப்பிவைத்தார். மருதமுனையில் தான் தங்கியிருந்த அக்கா, ராத்தாவின் வீட்டு முன்னறையில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தப்போவதாகப் பரீனா பதியுதீனிடம் நேரே போய்ச் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை.

"நல்ல விசயம்தானே டீச்சர். லெப்டொப்ப ஒரு நாளைக்கு இஞ்ச வெச்சிற்றுப் போங்க. புது விண்டோஸ் போட்டுத் தாறன்."

மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, போய் எடுத்தாள். போட்டுப் பார்த்தால் உள்ளே இயங்குதளம் எதுவும் இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

"ஹாட்டிஸ்க் பழுது" என்றார் பதியுதீன்.

"நேத்து நல்லாத்தானே வேலை செஞ்சது, சேர்."

"நேத்து செஞ்சது. இண்டைக்குச் செய்யல்ல."

"அப்ப விண்டோஸ் பிளொப்பிகளத் தாங்க. நானே போட்டுப் பாக்கிறன்."

"அதெல்லாம் வகுப்புக்கு உள்ளது. வெளிய குடுக்கிறல்ல."

வீட்டிலும் ஆதரவு இல்லை. ராத்தாவின் கணவர் அப்துல் ஸமட் முதலிலிருந்தே முன்னறையைத் தர விரும்பாதவர். "செத்த பொட்டிய வெச்சிக்கிட்டு என்னத்தப் படிப்பிக்கப் போறா?" என்று ராத்தாவிடம் கேட்டார். பரீனா பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

அவளோடு படித்த திருக்கோவில் கஜேந்தினி அப்போது பேராதனையில் கம்ப்யூட்டர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். பரீனா அவளுக்குக் கடிதம் எழுதினாள். பதில் வந்தது: விண்டோஸைத் தேடி அலைய வேண்டாம், லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், ஒருவரிடமும் கெஞ்சத் தேவையில்லை. லெப்டொப்பில் சீடி போட இடமில்லாததால் எல்லாவற்றையும் பிளொப்பியில்தான் ஏற்ற வேண்டும். வெறும் பிளொப்பிகளோடு வா.

பரீனா பஸ் ஏறினாள். இரண்டு நாள் கஜேந்தினியின் அறையில் தங்கி, இருபத்தாறு பிளொப்பிகளில் பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டிக்கொண்டு திரும்பினாள். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பிளொப்பிகளைக் கண்டுவிட்டு இதில் என்ன என்று கேட்டான். பாடம் என்றாள். அவன் நம்பவில்லை. சிலவற்றின் தகட்டு மூடியை விலக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் தாமதத்துக்கு அவளைத்தான் முறைத்தார்கள்.

அடுத்த நாள் காலையில் முன்னறையில் உட்கார்ந்து தொடங்கினாள். முதல் பிளொப்பியில் லெப்டொப் விழித்தது. ஹாட்டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து, பழுதான இடங்களைத் தேடச் சொன்னாள். ஒன்றுகூட இல்லை. பதியுதீன் வேண்டுமென்றே அழித்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறுதியானது. கொஞ்ச நேரம் எழுந்து முற்றத்தில் நடந்துவிட்டு வந்து மற்றப் பிளொப்பிகளைப் போட்டாள். ஏழாவதை வாசிக்க முடியவில்லை. சிப்பாய் விரலை விட்டதில் ஒன்று.

கஜேந்தினியிடமிருந்து புதிய பிரதி தபாலில் வரப் பதினொரு நாள் எடுத்தது. "இன்னும் சரிவரல்லையா?" என்று அப்துல் ஸமட் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். பன்னிரண்டாம் நாள் லினக்ஸ் முழுதாக ஏறியது. கறுப்புத் திரையில் பெயரைக் கேட்டது. தன் பெயரையே கொடுத்தாள்.

எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தானே தட்டி, தானே புரோகிராம் எழுதினாள். பதியுதீன் பெற்றோரிடம் கதைத்துத் திரிந்தார்: "அங்க மவுஸும் இல்ல, படமும் இல்ல. கறுப்புத் திரையப் படிச்சா எந்தக் கந்தோர்ல வேலை குடுப்பான்?" மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு சித்திரை இருபத்தாறாம் திகதி திங்கட்கிழமை காலையில் பதியுதீனின் ஒன்பது கம்ப்யூட்டர்களில் ஆறு எழும்பவில்லை. பத்து மணிக்கு அவர் ராத்தாவின் வீட்டு வாசலில் நின்றார்.

"உங்கட மச்சினிச்சி என்ட கம்ப்யூட்டர்கள நாசமாக்கிட்டா" என்று அப்துல் ஸமடிடம் சொன்னார். "போகக்குள்ள என்னமோ வெச்சிற்றுப் போயிரிக்கா. அந்தக் கறுப்புத் திரை வேலைதான்."

பரீனா வெளியே வந்தாள். "நான் அங்க வந்து ஒரு வருசத்துக்கு மேலாகிட்டு, சேர்."

"நீ உள்ளுக்குப் போ" என்றார் அப்துல் ஸமட். பிறகு முன்னறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் வந்தது. இருபத்தாறாம் திகதி விழிக்கும்படி யாரோ எழுதிய வைரஸ், பல நாடுகளில் லட்சக்கணக்கான விண்டோஸ் கம்ப்யூட்டர்களை ஒரே நாளில் அழித்திருந்தது. பரீனா அதை மச்சானின் முன்னால் விரித்து வைத்தாள். அவர் இரண்டு தடவை வாசித்தார். திறப்பை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்தப் பத்திரிகையோடு அவள் இரும்புக்கடை மாடிக்கு ஏறினாள். வகுப்பில் ஏழெட்டுப் பெற்றோர் நின்றார்கள்.

"பேப்பர்ல ஆயிரம் எழுதுவானுகள்" என்றார் பதியுதீன், அதைத் தொடாமலே.

"சரி. என்ட ஹாட்டிஸ்க்க அழிச்சது எந்த வைரஸ், சேர்?"

பெற்றோர் அவரைப் பார்த்தார்கள். பரீனா இறங்கி வந்துவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில் அவளிடம் பத்தொன்பது பிள்ளைகள் படித்தார்கள். காக்கா இன்னும் இரண்டு கம்ப்யூட்டர்கள் அனுப்பினார். பதியுதீனும் வகுப்பை மூடவில்லை. ஒரே ஊர்ப்பக்கத்தில் இருந்தும் இருவரும் ஒரு ஸலாம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டில் பதியுதீனின் மனைவி சபியா உம்மா, பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் பரீனாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, "அவர மன்னிச்சிரு புள்ள" என்றார் மெதுவாக.

"அவர் கேட்டாரா?"

"இல்ல. நான்தான் கேக்கன்."

"உங்களோட எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றாள் பரீனா, இறைச்சித் துண்டொன்றை அவர் பக்கம் தள்ளிவைத்து. "அவர் வந்து கேக்கட்டும்."

அவர் வரவில்லை.