எறும்பு கோலம் சாப்பிடுமா?

என் இடது காலில் மூன்று கொப்புளங்கள். செருப்புகூடப் போட முடியவில்லை. எல்லாம் ஒரு பத்து நிமிடப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டதால் வந்த வினை!

காப்பெல் என்னும் எங்கள் அமெரிக்க ஊரின் வாராந்திரத் தமிழ் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை நான் பேச வேண்டும். தலைப்பு, 'நம் பழக்கங்களில் அறிவியல்'. பெற்றோரும் வருவார்கள். ஆபீஸில் செய்யாத பிரசன்டேஷனா? ஒன்பது ஸ்லைடு தயார். முதல் ஸ்லைடே கோலம்தான். அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புகளுக்கு உணவிட... பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக ஒரு கார்ட்டூன் எறும்பு.

வியாழக்கிழமை மாலை என் மகள் நிலாவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். ஒன்பது வயது. நான் பேசும் தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் பாதிக்குமேல் ஆங்கிலத்தில் வரும்.

"டிட் எனிபடி செக், அம்மா?"

"எதை?"

"எறும்பு ரியலி சாப்பிடுதான்னு."

"பெரியவங்க சும்மாவா சொல்லியிருப்பாங்க?" என்றேன். எனக்கே அது சப்பென்று இருந்தது.

அவள் எழுந்து போய், இந்தியன் கடையில் வாங்கிய கோலமாவு பாக்கெட்டை எடுத்து வந்தாள். பின்பக்கத்தைப் படித்தாள்.

"இட்ஸ் ஸ்டோன் பவுடர், அம்மா. நாட் ஃபார் ஈட்டிங்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருடமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் வாசலில் நான் பரிமாறியது கல்லையா?

"பேசாம அந்த ஸ்லைடைத் தூக்கிடு. யாரு கேக்கப் போறா?" என்றார் என் கணவர், லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமலே.

யாரா? கேட்கிறவள்தான் முதல் வரிசையில் உட்காரப் போகிறாளே! ஊர் எதிரில் மானம் போனால்கூடப் பரவாயில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவள் என்று என் மகள் நினைத்துவிட்டால்?

சனிக்கிழமை காலை, சோதித்துப் பார்க்க, புல்வெளி ஓரத்தில் நிலா வைத்த மூன்று அட்டைகள். ஒன்றில் அரிசி மாவு. ஒன்றில் கல் பொடி. மூன்றாவதில் முறுக்குத் தூள்.

"முறுக்கு எதுக்குடி?"

"எதுக்குமே வரலைன்னா, மேபி தே ஆர் நாட் ஹங்ரி?"

அசந்துபோனேன். இது எனக்குத் தோன்றவில்லையே!

எங்கள் பக்கத்து எறும்பு ஃபயர் ஆன்ட், அதாவது நெருப்பெறும்பு. சிவப்பாக, பொடியாக, பெயருக்கேற்ற குணத்தோடு இருக்கும். நான் அரிசி மாவின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "வா ராசா... ஒரே ஒரு வாய்..." என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். இரண்டு வந்தன. ஒன்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இன்னொன்று மாவின் மேலேயே ஏறி நடந்து, முறுக்குப் பக்கம் போய்விட்டது. அங்கே கோயில் பிரசாத வரிசை மாதிரி கூட்டம். கல் பொடியை எட்டிப் பார்க்க ஆளில்லை.

அப்போதுதான் இடது காலில் சுருக்கென்று கடிபட்டு நான் "ஐயோ!" என்று அலறியது.

நிலா ஓடி வந்து ஐஸ் வைத்தாள். வைத்த கையோடு நோட்டில் எழுதினாள்: அரிசி மாவு - இரண்டு. கல் பொடி - சைபர். முறுக்கு - எண்ண முடியவில்லை. அம்மா - மூன்று.

ஞாயிறன்று பல்லிளித்த எறும்பைத் தூக்கிவிட்டு, அந்த நோட்டுப் பக்கத்தையே திரையில் போட்டேன். "இந்த எறும்பு, இந்தச் சனிக்கிழமை, அரிசி மாவைக் கண்டுக்கலை. வேற எறும்பு சாப்பிடலாம். எனக்குத் தெரியலை" என்றேன். பெற்றோர் வரிசையில் ஓர் அங்கிள் முகத்தைச் சுளித்தார். நிலா என்னைப் பார்த்துச் சிரித்தாள்... அப்பாடா!

அடுத்த நிமிடம் அத்தனை கைகளும் மேலே. மாவை ஈரமாக்கினால் வருமா? சர்க்கரை கலந்தால்? மழை பெய்த மறுநாள்? மீதி எட்டு ஸ்லைடையும் யாரும் பார்க்கவில்லை. 'தெரியலை' என்று நான் சொன்ன ஒரே பிரசன்டேஷன் இதுதான். இத்தனை கேள்விகள் வந்ததும் இதற்குத்தான். எனக்கு ஒரே சந்தோஷம்.

கடைசியாக, பின்வரிசையில் ஒரு குட்டிப்பெண்: "ஆன்ட்டி, உங்க மேல முறுக்கு ஸ்மெல் இருந்துச்சா? அதான் பைட் பண்ணுச்சா?"

'ஆமாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் வரிசையில் நிலாவின் புருவம் உயர்ந்தது.

"செக் பண்ணிட்டுச் சொல்றேன்டா கண்ணு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர... இந்த ஆராய்ச்சிக்கு என் வலது கால் இன்னும் சம்மதிக்கவில்லை!