பைப்பாசித் தொட்டி

என் அப்பா வீராசாமி காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தார். கண்ணாடிக் குடுவை கழுவுவது, மைக்ராஸ்கோப் துடைப்பது, செய்முறைத் தேர்வுக்குச் செடி கொண்டுவருவது அவர் வேலை. கடைசியாகச் சொன்னதை அங்கே யாரும் வேலையாகவே நினைக்கவில்லை.

ஐயம்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு தாங்கல் உண்டு. ஏரியைவிடச் சின்னது. வருடா வருடம் அதில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு வாளி யூட்ரிகுலேரியா அள்ளி வருவார். பாசி போல மிதக்கும், வேர் கிடையாது, தண்ணீருக்கு மேலே மஞ்சள் பூ நிற்கும். இலைகளில் கடுகளவு பைகள். கொசுப்புழு உரசினால் பை திறந்து, உள்ளே இழுத்து, மூடிக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அப்பா அதற்கு வைத்த பெயர் பைப்பாசி.

1997இல் தாங்கல் கரையில் சாயப்பட்டறைகள் வந்தன. பட்டுநூலின் பசையெடுக்க சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், சாயம் அலசிய தண்ணீர், எல்லாம் நேரே உள்ளே. அடுத்த வருடம் அப்பா காலி வாளியோடு திரும்பினார். "படம் வரைந்து மார்க் வாங்கிக்கொள்ளட்டும்" என்றாராம் பேராசிரியர். ஒரு செடி ஊரைவிட்டே போனதற்கு ஒரு கல்லூரி செய்தது அவ்வளவுதான்.

முந்தின வருடம் மிஞ்சியது வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தொட்டியில் இருந்தது. அப்பா அதற்கு மழைத்தண்ணீர் மட்டுமே ஊற்றுவார். அக்கம்பக்கத்து டிரம்களிலிருந்து கொசுப்புழுவை வடிகட்டிக் கொண்டுவருவார்.

"இன்னா வீராசாமி, உன் செடிக்கு இன்னிக்கும் கறிசோறா?" என்பார் பக்கத்து வீட்டு முருகேசன்.

"ஆமாம்பா, உன் டிரம்முலேர்ந்துதான். கடி இல்லாம தூங்கறியே, யாரால?"

நான் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தாங்கல் தண்ணீரை அளந்தேன். பி.எச். 9.8. ஏழை ஒட்டி இருக்க வேண்டியது. மனு எழுதினேன். 'மேற்படி செடி பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் இல்லை' என்று பதில் வந்தது. சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2003இல் பட்டறைகள் வேறிடம் போயின. எங்கள் மனுவால் அல்ல. அந்தக் கரையின் கிணற்றுத் தண்ணீர் அவர்கள் சாயத்துக்கே ஆகாமல் போனதால்.

2005 பெருமழையில் தாங்கல் நிரம்பி வழிந்தது. ஜனவரியில் அளந்தேன். 7.4.

"செடிய வுட்டுடலாமாடா?" அப்பா அதற்குள் வாளியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒரு அளவை நம்பக்கூடாதுபா. இன்னொரு மழை பாத்துட்டு வுடலாம்."

"சரி, நீ படிச்சவன்" என்று வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

ஆகஸ்டில் மாரடைப்பு. ஒரே நாளில் போய்விட்டார்.

பிணத்தை எடுத்ததும் வீட்டில் இருக்கும் தண்ணீரையெல்லாம் கொட்டி, வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். இடுகாட்டிலிருந்து நான் திரும்பியபோது தொட்டி கவிழ்ந்து கிடந்தது.

"யார் கொட்டினது?"

"நான்தான் கண்ணு" என்றார் கங்கையம்மாள், அப்பாவின் அக்கா. "சாவு வூட்டுல பழைய தண்ணி வெக்கலாமா? ஒரே பாசி. ஊரே சிக்குன்குனியாவுல படுத்துக்கினு இருக்குது, நீங்க கொசு வளத்துக்கினு இருக்கீங்க. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சிட்டேன்."

"அது அப்பாவுது, அத்தை!"

"இந்த வூடே அவனுதுதான். எங்கிட்ட யாரு சொன்னீங்க?"

யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கத்தினேன், தம்பியைப் பறிகொடுத்துவிட்டு ஈரப் புடவையோடு நின்றவரைப் பார்த்து. பிறகு சாக்கடையில் கையை விட்டுத் துழாவினேன். கையோடு வந்த நாரெல்லாம் வெளுத்திருந்தது.

ஜனவரியிலேயே பாதியைத் தாங்கலில் விட்டு, பாதியைத் தொட்டியில் வைத்திருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை.

மழை வந்தது. டிசம்பரில் தாங்கலுக்குப் போய் அளந்தேன். 7.3. நான் கேட்ட இரண்டாவது அளவு கிடைத்துவிட்டது. தண்ணீர் நன்றாக இருக்கிறது. அதில் விடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.