முதுகுத் துணியை அவிழ்க்கச் சொல்லும் எனலெஸ்

மலாவியில், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அவசரப் பிரிவில் நர்ஸ் எனலெஸுக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. வரும் பிள்ளைகளில் யார் முதலில் உள்ளே போவது என்று பார்ப்பது. நல்ல பெயர் வாங்கித் தராத வேலை. காலையில் வந்ததும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டாள்.

"எல்லாரும் பிள்ளைய முதுகுலேர்ந்து இறக்கி மடியில வைங்க!"

எங்கள் பெண்கள் பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டித்தான் தூக்கிவருவார்கள். அவர்களுக்கு அடக்கம் ஒரு படி அதிகம். வரிசையைத் தாண்ட மாட்டார்கள். பிள்ளை அழாமல் இருந்தால் பெருமை வேறு. அந்த அடக்கத்தைக் கண்டால்தான் எனலெஸுக்குப் பயம்; அழத் தெம்பில்லாத பிள்ளையும் அப்படித்தான் சத்தமில்லாமல் கிடக்கும்.

மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை அது. பெஞ்சில் இடமில்லை. கடைசியில் டோரிகா என்ற சின்ன வயசுத் தாய், முதுகில் கட்டிய பிள்ளையோடு நின்றிருந்தாள்.

"உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"தூங்குறான் சிஸ்டர். ரெண்டு நாளா ஜுரம், இப்பத்தான் அசந்தான். அழுற பிள்ளைங்க முதல்ல போகட்டும்."

எனலெஸ் தானே முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளையின் தலை தொங்கியது. பாதம் சில்லிட்டிருந்தது. நகத்தை அழுத்தினாள், பிள்ளை கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

முன்வரிசையிலிருந்த கடைக்காரர் மனைவி எழுந்து வழிமறித்தாள். "விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கோம்! இப்ப வந்தவளுக்கு ராஜமரியாதையா?"

"உன் மகன் ஊரே கேக்கக் கத்துறான், நல்லாத்தான் இருக்கான். தள்ளும்மா!"

மலேரியா பிள்ளையின் ரத்தத்திலிருந்த சர்க்கரையை உறிஞ்சியிருந்தது. நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை ஊசி தவறியது. எனலெஸ் தன்னையே திட்டிக்கொண்டு மூன்றாவது முறை குத்தினாள். குளுக்கோஸ் இறங்கியது. டோரிகா சுவரோடு ஒட்டி நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்தான். எனலெஸைப் பார்த்தான். பிடிக்கவில்லை போலும், காலை உதறி வீறிட்டான். இத்தனை வருஷம் ஆகியும் அந்த அழுகையைக் கேட்கும் சந்தோஷம் எனலெஸுக்குப் பழகவில்லை.

திரும்பினால், டோரிகா துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்புற?"

"முழிச்சுட்டானே சிஸ்டர். வரிசைக்குப் போறேன். எனக்கு முன்னால பதினோரு பேர் இருக்காங்க."

எனலெஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"இதுதான்டி உன் முறை. உக்காரு."